டேட்டாபேஸ் சர்வர் நிறுவும்போது ‘சர்வீஸ் பெயர் செல்லாது’ என்று வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டாபேஸ் சர்வரை நிறுவும்போது சர்வீஸ் பெயரில் சிக்கல் வந்தால் பலரும் உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவப் பார்க்கிறார்கள். டேட்டா பறிபோவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான். சர்வீஸ் பெயர் என்பது இயங்குதளம் தன் பதிவேட்டில் எழுதிவைத்திருக்கும் ஒரு சின்னக் குறிப்பு. அதைச் சரிசெய்ய டேட்டா இருக்கும் ஃபோல்டரைத் தொடவே வேண்டியதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் பெயரும் டேட்டாபேஸ் பெயரும் ஒன்றா?

இல்லை. டேட்டாபேஸ் என்பது சர்வருக்குள்ளே நீங்கள் உருவாக்குவது. சர்வீஸ் என்பது அந்த சர்வரையே பின்னணியில் ஓட வைக்க இயங்குதளம் வைத்திருக்கும் ஏற்பாடு. கணினி தொடங்கும்போது சர்வரைத் தானாகத் தொடங்குவதும், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதும் இதன் வழியாகத்தான்.

விண்டோஸில் ஒரு சர்வீஸுக்கே இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று உள்பெயர், பதிவேட்டில் இருப்பதும் கட்டளைகள் தேடுவதும் இதைத்தான். மற்றொன்று காட்சிப் பெயர். சர்வீஸ் பட்டியலைத் திறந்தால் முதல் நெடுவரிசையில் தெரிவது. எஸ்க்யூஎல் சர்வரில் இவற்றோடு ‘இன்ஸ்டன்ஸ் பெயர்’ என்று மூன்றாவதும் சேர்ந்துகொள்கிறது (ஒரே கணினியில் தனித்தனியாக நிறுவும் ஒவ்வொரு சர்வரும் ஓர் இன்ஸ்டன்ஸ்). எனக்கு வரும் கேள்விகளில் பாதி, ஒன்றைக் கேட்கிற இடத்தில் மற்றொன்றைக் கொடுத்ததால் வருபவை.

நிறுவல் நன்றாக முடிந்தது. ‘நெட் ஸ்டார்ட் மைஎஸ்க்யூஎல்’ என்று கொடுத்தால் சர்வீஸ் பெயர் செல்லாது என்கிறது. ஏன்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. செய்தியின் முடிவில் 2185 என்ற எண் இருக்கும். ‘செல்லாது’ என்று படித்ததும் பெயரில் ஏதோ தப்பான எழுத்து இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அது சொல்வது இவ்வளவுதான்: நீங்கள் சொன்ன பெயரில் இந்தக் கணினியில் ஒரு சர்வீஸும் இல்லை.

மைஎஸ்க்யூஎல்லை அதன் நிறுவல் நிரல் வழியாக நிறுவினால் பெயரோடு பதிப்பு எண்ணும் ஒட்டிக்கொண்டு வரும்: 8.0 பதிப்புக்கு மைஎஸ்க்யூஎல்80, 5.7க்கு மைஎஸ்க்யூஎல்57. கையால், அதாவது ‘மைஎஸ்க்யூஎல்டி --இன்ஸ்டால்’ என்று பெயர் எதுவும் கொடுக்காமல் பதிவு செய்தால் மட்டும்தான் வெறும் ‘மைஎஸ்க்யூஎல்’ என்று இருக்கும். போஸ்ட்கிரெஸிலும் இதே கதை. விண்டோஸ் நிறுவல் நிரல் வைக்கும் பெயர் ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-எக்ஸ்64-16’ போல நீளமாக இருக்கும். நாமோ ‘போஸ்ட்கிரெஸ்’ என்று தட்டிக்கொண்டிருப்போம்.

ஆகவே ஊகிக்காதீர்கள், கணினியிடமே கேளுங்கள். பவர்ஷெல்லில் ‘கெட்-சர்வீஸ் *எஸ்க்யூஎல்*’ என்று கொடுத்தால் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் எல்லாமே பட்டியலில் வந்துவிடும், ஓடாமல் நிற்பவையும் சேர்த்து. மரியாடிபி, ஆரக்கிள், மாங்கோடிபி ஆகியவற்றை அந்தந்தப் பெயரில் தேட வேண்டும்.

கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ‘எஸ்சி க்யூரி’ பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெறுமனே அப்படிக் கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ்கள் மட்டுமே தெரியும். இப்போதுதான் நிறுவி, இன்னும் தொடங்காத சர்வீஸ் அதில் வராது. ‘சர்வீஸே இல்லையே’ என்று பதறி மறுபடி நிறுவப் போய்விடுவீர்கள். ‘எஸ்சி க்யூரி ஸ்டேட்= ஆல்’ என்று கொடுங்கள். சமக்குறிக்கு முன்னால் இடைவெளி கூடாது, பின்னால் கட்டாயம் வேண்டும்.

காட்சிப் பெயர் மட்டும் தெரிந்தால் ‘எஸ்சி கெட்கீநேம்’ என்று அதை மேற்கோள்குறிக்குள் கொடுங்கள், உள்பெயரைச் சொல்லிவிடும். ‘நெட் ஸ்டார்ட்’ இரண்டு பெயர்களையும் ஏற்கும். ‘எஸ்சி’ உள்பெயரை மட்டும்தான் ஏற்கும். தவறினால் 1060 என்ற எண்ணோடு திரும்பும்.

நிறுவும் திரையே பெயரை ஏற்க மறுக்கிறது. எந்த எழுத்துகள் கூடாது?

விண்டோஸ் தன் அளவில் தாராளமாகத்தான் இருக்கிறது. 256 எழுத்து வரை போகலாம்; முன்சாய்கோடும் பின்சாய்கோடும் மட்டும் கூடாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டையும் பார்க்காது. நீங்கள் எழுதியபடியே சேமித்துக்கொள்ளும், ஆனால் ஒப்பிடும்போது இரண்டும் ஒன்றுதான். அதனால் ஒன்றைப் பெரிய எழுத்திலும் மற்றொன்றைச் சின்ன எழுத்திலும் வைத்து ஒரே பெயரில் இரண்டு சர்வீஸ் வைத்துக்கொள்ள முடியாது.

பெயருக்கு நடுவே இடைவெளி விடலாமா என்றால், விண்டோஸ் தடுக்காது. நான் தடுப்பேன். அந்தப் பெயரை ஒவ்வொரு கட்டளையிலும் மேற்கோள்குறிக்குள் போட வேண்டியிருக்கும். அப்புறம் என்றோ ஒரு நாள் பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதும் ஒருவர் அதை மறந்துவிடுவார்.

விண்டோஸ் ஏற்கும் பெயரை டேட்டாபேஸின் நிறுவல் நிரல் ஏற்காமல் போகலாம், அதன் விதிகள் தனி. கறாராக இருப்பது எஸ்க்யூஎல் சர்வர்.

எஸ்க்யூஎல் சர்வரின் இன்ஸ்டன்ஸ் பெயருக்கு என்ன விதி?

அதிகபட்சம் 16 எழுத்துகள். முதல் எழுத்து ஆங்கில எழுத்தாகவோ அடிக்கோடாகவோ இருப்பது நல்லது. எண்ணில் தொடங்கக் கூடாது. அடுத்து வருபவை எழுத்து, எண், அடிக்கோடு, டாலர் குறி. இடைவெளி, பின்சாய்கோடு, காற்புள்ளி, முக்காற்புள்ளி, ஒற்றை மேற்கோள், அட் குறி, இவையெல்லாம் கூடாது. சிறுகோடும் கூடாது. பலர் மாட்டிக்கொள்வது இந்தச் சிறுகோட்டில்தான். கணினிப் பெயர்களில் அது சாதாரணமாக வருவதால் இங்கும் வைத்துவிடுகிறார்கள். ‘டிஃபால்ட்’, ‘எம்எஸ்எஸ்க்யூஎல்சர்வர்’ ஆகியவை ஒதுக்கப்பட்ட சொற்கள்.

நீங்கள் கொடுத்த இன்ஸ்டன்ஸ் பெயர் அப்படியே சர்வீஸ் பெயர் ஆகிவிடுவதில்லை. ‘சேல்ஸ்’ என்று வைத்தால் சர்வீஸின் பெயர் ‘எம்எஸ்எஸ்க்யூஎல்$சேல்ஸ்’. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் அதன் ஏஜெண்ட்டின் பெயர் ‘எஸ்க்யூஎல்ஏஜெண்ட்$சேல்ஸ்’. பெயரே கொடுக்காத இயல்பு இன்ஸ்டன்ஸுக்கு மட்டும் டாலர் இல்லாமல் ‘எம்எஸ்எஸ்க்யூஎல்சர்வர்’.

அந்த டாலர் குறி ஒரு பொறி. பவர்ஷெல்லில் இரட்டை மேற்கோளுக்குள் டாலர் வந்தால் அதற்கடுத்த சொல்லை மாறியாக எடுத்துக்கொள்ளும். சேல்ஸ் என்று மாறி எதுவும் இல்லாததால் அங்கே வெற்றிடம்தான் வரும். கட்டளை ‘எம்எஸ்எஸ்க்யூஎல்’ என்ற இல்லாத சர்வீஸைத் தேடிவிட்டுக் கைவிரிக்கும். ஒற்றை மேற்கோள் போடுங்கள், தீர்ந்தது.

பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டேன். எல்லாம் சரி. அப்போதும் ஏற்கவில்லையே?

எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டினீர்களா? அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கூடவே வந்திருக்கும்.

ஆவணம் தயாரிக்கும் மென்பொருள்கள் அழகுக்காகச் சில மாற்றங்களைச் செய்கின்றன. அடுத்தடுத்த இரண்டு சிறுகோடுகளைச் சேர்த்து ஒரே நீளக் கோடாக்கும். நேரான மேற்கோள்குறியை வளைக்கும். படிக்க அழகு, கட்டளைக்கு அது வேறு எழுத்து. ‘--இன்ஸ்டால்’ என்பதில் கோடு மாறிவிட்டால் மைஎஸ்க்யூஎல் அதை விருப்பத்தேர்வாகவே பார்க்காது. சில வலைப்பக்கங்களிலிருந்து அகலமே இல்லாத இடைவெளி எழுத்தும் வரும். திரையில் அதற்கு அடையாளமே கிடையாது. பெயரின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் சாதாரண இடைவெளியும் இதே வேலையைச் செய்யும்.

ஒரு முறை எனக்கே முழு மாலை இதில் போனது. பதிவு செய்யும்போது பெயர் நகலெடுத்து ஒட்டியது, தொடங்கும்போது கையால் தட்டியது. பட்டியலில் கண்முன்னே இருந்த சர்வீஸ், கட்டளைக்கு மட்டும் ‘இல்லை’ என்றது. கடைசியில் பெயரின் நீளத்தை எண்ணிப் பார்த்தபோது ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. அன்றிலிருந்து சர்வீஸ் பெயரை ஒட்டுவதில்லை, தட்டுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இந்தப் பெயரில் சர்வீஸ் ஏற்கெனவே இருக்கிறது என்கிறது. பழையதை நான் எப்போதோ நீக்கிவிட்டேனே?

எப்படி நீக்கினீர்கள் என்பதுதான் கேள்வி. ப்ரோகிராம் ஃபைல்ஸில் இருந்த ஃபோல்டரை மட்டும் அழித்திருந்தால் நிரல் போயிருக்கும், பதிவேட்டுக் குறிப்பு அப்படியே இருக்கும். பாதியில் தோற்ற நிறுவலும் இப்படி ஓர் எச்சத்தை விட்டுச் செல்லும். எண் 1073 என்றால் அதே சர்வீஸ் இருக்கிறது என்று பொருள். 1078 என்றால் நீங்கள் கொடுத்த பெயர் இன்னொரு சர்வீஸின் உள்பெயராகவோ காட்சிப் பெயராகவோ ஏற்கெனவே இருக்கிறது.

அழிப்பதற்கு முன் ஒரு நிமிடம். ‘எஸ்சி க்யூசி’ என்று கொடுத்துப் பெயரைச் சேர்த்தால், அந்த சர்வீஸ் எந்த நிரலைச் சுட்டுகிறது என்று முழுப் பாதையும் காட்டும். அந்தப் பாதையில் கோப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இருந்தால் அது எச்சம் அல்ல. வேறொரு மென்பொருள் தன் தேவைக்காகக் கூடவே கொண்டுவந்து நிறுவிய டேட்டாபேஸாக இருக்கலாம். அப்படியென்றால் அதைத் தொடாதீர்கள், உங்களுடையதற்கு வேறு பெயர் வையுங்கள்.

கோப்பு இல்லை, எச்சம்தான் என்று உறுதியானால் ‘எஸ்சி டெலீட்’ போதும். மைஎஸ்க்யூஎல் நிரல் கைவசம் இருந்தால் ‘மைஎஸ்க்யூஎல்டி --ரிமூவ்’ என்று பெயரோடு கொடுக்கலாம். போஸ்ட்கிரெஸுக்கு ‘பிஜி_சிடிஎல் அன்ரிஜிஸ்டர்’. பவர்ஷெல்லின் பழைய பதிப்புகளில் ‘எஸ்சி’ என்பது கோப்பில் எழுதும் வேறொரு கட்டளையின் சுருக்கம். அங்கே ‘எஸ்சி.இஎக்ஸ்இ’ என்று முழுதாகக் கொடுங்கள்.

அழித்துவிட்டேன். இப்போது ‘அழிப்பதற்குக் குறிக்கப்பட்டுள்ளது’ என்று 1072 வருகிறது.

அந்த சர்வீஸை யாரோ இன்னும் திறந்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது நீங்களேதான்: பின்னால் திறந்து கிடக்கும் சர்வீஸ் பட்டியல் சாளரம் அல்லது டாஸ்க் மேனேஜர். எல்லாவற்றையும் மூடுங்கள். சர்வீஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். அப்போதும் போகவில்லை என்றால் கணினியை ஒரு முறை மறுதொடக்கம் செய்தால் போய்விடும்.

சர்வீஸை நீக்கினால் என் டேட்டா போய்விடுமா?

போகாது. ‘எஸ்சி டெலீட்’, ‘--ரிமூவ்’, ‘அன்ரிஜிஸ்டர்’ மூன்றுமே பதிவேட்டுக் குறிப்பை மட்டும் எடுக்கும். ஒரு கோப்பைக்கூட அழிக்காது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நிறுவல் நிரலின் வழியாக நீக்கும்போது ‘டேட்டா ஃபோல்டரையும் நீக்கலாமா’ என்று ஒரு கேள்வி வரலாம். களைப்பில் ‘ஆம்’ என்று அழுத்திவிடுவோம். அதனால் எதையும் தொடுவதற்கு முன் டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, சர்வரை நிறுத்திவிட்டு, அதை வேறொரு டிரைவுக்கு நகலெடுத்து வையுங்கள். விண்டோஸில் மைஎஸ்க்யூஎல்லின் டேட்டா வழக்கமாக ‘ப்ரோகிராம்டேட்டா’ ஃபோல்டருக்குள் இருக்கும். அது மறைக்கப்பட்ட ஃபோல்டர் என்பதால் எக்ஸ்ப்ளோரரில் தெரியாது; முகவரிப் பட்டையில் நேரடியாகத் தட்டிப் போக வேண்டும். தெரியாததால் ‘டேட்டா எதுவும் இல்லை போல’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தயவுசெய்து இந்த ஒரு படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

‘இன்ஸ்டால் மறுக்கப்பட்டது’ என்று வருகிறது. இதுவும் பெயர்ச் சிக்கலா?

இல்லை, அனுமதி. கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அதே கட்டளையைக் கொடுங்கள். ஆரக்கிளில் ‘ஓராடிம்’ கட்டளை டிம்-00014 என்று சொன்னாலும் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஒரே கணினியில் இரண்டு மைஎஸ்க்யூஎல் வேண்டும். பெயர் மட்டும் மாற்றினால் போதுமா?

பெயர் மாற்றினால் பதிவாகும். ஓடாது. இணைப்புகளை ஏற்க இரண்டும் 3306 என்ற ஒரே போர்ட் எண்ணையே கேட்கும். டேட்டா ஃபோல்டரும் ஒன்றாக இருந்தால் ஒன்று மற்றொன்றின் கோப்புகளில் கைவைக்கப் பார்க்கும். போர்ட், டேட்டா ஃபோல்டர், சர்வீஸ் பெயர் மூன்றும் தனித்தனியாக வேண்டும். போஸ்ட்கிரெஸுக்கு 5432, எஸ்க்யூஎல் சர்வரின் இயல்பு இன்ஸ்டன்ஸுக்கு 1433 என்று எண்தான் வேறு, விதி ஒன்றே.

பதிவு செய்யும் கட்டளையில் வரிசை முக்கியம்: முதலில் ‘--இன்ஸ்டால்’, அதையடுத்து சர்வீஸ் பெயர், அதன்பின் ‘--டிஃபால்ட்ஸ்-ஃபைல்=’ என்று அமைப்புக் கோப்பின் பாதை. கோப்பைக் குறிப்பிட்டால் சர்வர் அந்தக் கோப்பின் ‘மைஎஸ்க்யூஎல்டி’ பகுதியை மட்டும் படிக்கும். குறிப்பிடாமல் புதுப் பெயர் மட்டும் கொடுத்தால், வழக்கமான அமைப்புக் கோப்புகளில் ‘மைஎஸ்க்யூஎல்டி’ பகுதியோடு சர்வீஸ் பெயரிலேயே இருக்கும் பகுதியையும் படிக்கும். ஆக மைஎஸ்க்யூஎல்லில் சர்வீஸ் பெயர் வெறும் அடையாளம் இல்லை. அமைப்புக் கோப்பில் அந்தப் பகுதியின் தலைப்பில் எழுத்துப்பிழை இருந்தால் பிழைச் செய்தியே வராது. நீங்கள் கொடுத்த போர்ட் எண் சத்தமில்லாமல் கண்டுகொள்ளப்படாமல் போகும். அதனால் நான் எப்போதும் கோப்பைத் தனியாகக் குறிப்பிட்டுவிடுவேன். நிரலையும் முழுப் பாதையோடு அழையுங்கள். அப்போதுதான் எந்தப் பதிப்பு பதிவாகிறது என்பதில் குழப்பம் வராது.

வைத்த பெயரை மாற்ற முடியுமா?

காட்சிப் பெயரை ‘எஸ்சி கான்ஃபிக்’ மூலம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உள்பெயரை மாற்ற விண்டோஸில் வழி இல்லை. சர்வீஸை நீக்கிவிட்டுப் புதுப் பெயரில் பதிவு செய்ய வேண்டும். மைஎஸ்க்யூஎல்லுக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் இது இரண்டு கட்டளை வேலை. எஸ்க்யூஎல் சர்வருக்கு அப்படி இல்லை: இன்ஸ்டன்ஸ் பெயர் வைத்தது வைத்ததுதான். வேறு பெயர் வேண்டுமென்றால் புது இன்ஸ்டன்ஸ் நிறுவி டேட்டாபேஸ்களை அங்கே கொண்டுபோக வேண்டும்.

லினக்ஸில் ‘யூனிட் கிடைக்கவில்லை’ என்கிறது. அங்கே விதி என்ன?

சர்வீஸ் போன்றவற்றை லினக்ஸ் ‘யூனிட்’ என்று அழைக்கிறது. இங்கும் முதல் சந்தேகம் பெயர் மீதுதான். ஒரே டேட்டாபேஸுக்கு ஒவ்வொரு லினக்ஸும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. உபுண்டுவில் ‘மைஎஸ்க்யூஎல்’, ரெட்ஹேட் வகையில் கடைசியில் ‘டி’ சேர்ந்த ‘மைஎஸ்க்யூஎல்டி’. மாங்கோவுக்கு ‘மாங்கோடி’. ரெடிஸ் டெபியன் வகையில் ‘ரெடிஸ்-சர்வர்’. ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-யூனிட்-ஃபைல்ஸ்’ கொடுத்து உங்கள் கணினியில் எந்தப் பெயர் என்று பாருங்கள்.

மரியாடிபி நிறுவிய கணினியில் ‘மைஎஸ்க்யூஎல்’ என்ற பெயர் மாற்றுப்பெயராக இருப்பதுண்டு. தொடங்கவும் நிறுத்தவும் அது வேலை செய்யும். கணினியோடு சேர்ந்து தானாகத் தொடங்க வைக்கும் ‘எனேபிள்’ கொடுத்தால் மட்டும் மாற்றுப்பெயரின் மேல் செயல்பட மாட்டேன் என்று மறுக்கும். ‘மரியாடிபி’ என்ற உண்மைப் பெயரில் கொடுங்கள்.

டெபியன், உபுண்டுவின் போஸ்ட்கிரெஸில் இன்னொரு நுணுக்கம். ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ என்ற சர்வீஸ் நிலையைக் கேட்டால், இயங்கி முடிந்துவிட்டது என்ற பொருளில் பதில் வரும். சர்வர் செத்துவிட்டதோ என்று தோன்றும். அந்த சர்வீஸ் ஒரு கூரை மட்டுமே. உண்மையில் ஓடுவது ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@16-மெயின்’ போன்ற பெயரில் இருக்கும். நிலையை அந்தப் பெயரில் கேளுங்கள்.

நீங்களே யூனிட் கோப்பு எழுதினால்: ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு, புள்ளி, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு மட்டும், பின்னொட்டோடு சேர்த்து 255 எழுத்துக்குள். இங்கே பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. கோப்பை வைத்ததும் ‘டீமன்-ரீலோட்’ கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காதவரை புதுப் பெயர் தெரியாமலே இருக்கலாம்.

ஆரக்கிளில் 12514 என்ற பிழையும் சர்வீஸ் பெயர் என்றுதான் சொல்கிறது. அதுவும் இதே சிக்கலா?

சொல் ஒன்று, பொருள் வேறு. விண்டோஸ் சர்வீஸின் பெயர் ‘ஆரக்கிள்சர்வீஸ்’ என்பதோடு எஸ்ஐடி, அதாவது அந்த டேட்டாபேஸ் இன்ஸ்டன்ஸின் அடையாளப் பெயர், சேர்ந்தது. 12514 பேசுவது, இணைப்பு கேட்கும்போது லிஸனரிடம் (இணைப்புக் கோரிக்கைகளை வாங்கும் நிரல்) நீங்கள் சொல்லும் பெயரைப் பற்றி. லிஸனருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. ‘எல்எஸ்என்ஆர்சிடிஎல் சர்வீசஸ்’ கொடுத்து அதற்கு எந்தப் பெயர்கள் தெரியும் என்று பாருங்கள். டேட்டாபேஸ் இப்போதுதான் தொடங்கியிருந்தால் லிஸனரிடம் தன்னைப் பதிவு செய்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும். சற்றுப் பொறுத்து மறுபடி முயலுங்கள். 12505 என்றால் எஸ்ஐடி தெரியவில்லை.

போஸ்ட்கிரெஸிலும் இணைப்புக்கான சர்வீஸ் கோப்பு என்று ஒன்று உண்டு. ‘சர்வீஸின் வரையறை கிடைக்கவில்லை’ என்று வந்தால் அந்தக் கோப்பைப் பாருங்கள். நிறுவலில் குறை ஏதும் இல்லை.

தமிழில் சர்வீஸ் பெயர் வைக்கலாமா?

உள்பெயருக்கு வேண்டாம். லினக்ஸில் முடியாது. விண்டோஸ் ஏற்றாலும் பழைய கமாண்ட் ப்ராம்ப்ட் தமிழைச் சரியாகக் காட்டாது. அவசரத்தில் சர்வீஸைத் தொடங்க முடியாமல் நிற்பீர்கள். காட்சிப் பெயரைத் தமிழில் வையுங்கள். பட்டியலில் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே அது உடனே கண்ணில் படும், எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

அப்படியானால் என்ன பெயர்தான் வைப்பது?

ஆங்கில எழுத்தில் தொடங்கி, எழுத்தும் எண்ணும் மட்டுமே கொண்டு, 16 எழுத்துக்குள். எஸ்க்யூஎல் சர்வரின் கறாரான விதிக்குள்ளும் இது அடங்கும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் ஏற்கும்.

பதிப்பு எண்ணைச் சேர்ப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு பதிப்புகளை அருகருகே ஓட்டுபவர்களுக்கு எண் உதவும். ஒன்றே ஒன்று ஓட்டுபவர்கள் அதன் வேலையைப் பெயராக வைக்கலாம் என்பது என் எண்ணம்: கணக்கு, இருப்பு, சோதனை என்பது போல. நாளை சர்வரை அதே இடத்தில் மேம்படுத்தினாலும் சர்வீஸ் பெயரில் 80 என்றே நின்றால், அடுத்து வருபவர் பழைய பதிப்பு என்று நம்பிவிடுவார்.

எதுவும் தீரவில்லை. உதவி கேட்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

இயங்குதளமும் அதன் பதிப்பும். டேட்டாபேஸும் அதன் பதிப்பும். நீங்கள் கொடுத்த கட்டளை, ஓர் எழுத்து மாறாமல். பிழைச் செய்தி எண்ணோடு சேர்த்து முழுவதும்; எண் மட்டும் இருந்தால் ‘நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி’ என்று அந்த எண்ணைக் கொடுத்தால் விளக்கம் கிடைக்கும். சர்வீஸ் பட்டியலில் அந்த டேட்டாபேஸ் தொடர்பாக என்ன தெரிகிறது, இதற்கு முன் அதே கணினியில் அதை நிறுவியிருந்தீர்களா, டேட்டா ஃபோல்டரின் நகல் கைவசம் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். கடவுச்சொல் இருக்கும் வரிகளை மட்டும் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.